சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவ்

— அக்கா, இங்க வா. சிவப்பு நூல் கட்டினதுல ஒண்ணுமே இல்ல.

— ஒண்ணுமே இல்லன்னா?

— காலி. கடையில வாங்கின மாதிரியே இருக்கு. அம்மா குரல் இருக்கிறது இதுதான்னு சொன்னே.

— அப்படித்தான் நினைச்சேன். ரெண்டும் ஒரே அட்டையில வந்தது, ஒரே கறுப்பு. அடையாளத்துக்குன்னு பாப்பாதான் ஒண்ணுல நூல் கட்டி வச்சா.

— அப்ப நான் அழிச்சது எதை?

— என்னடா சொல்றே, எதை அழிச்சே?

— படுத்துக்கிட்ட உன் லேப்டாப்பை எழுப்பறதுக்கு ஒண்ணுல புது சிஸ்டம் ஏத்தினேன்ல, நூல் இல்லாததுல. அந்த மென்பொருள் ரொம்பச் சின்னது அக்கா. ஃபைலைக் காட்டு, பென்டிரைவைக் காட்டு, பட்டனை அமுக்கு, முடிஞ்சது. நடுவுல ஒரே ஒரு கேள்வி கேக்கும். இதுல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், பரவாயில்லையான்னு. பரவாயில்லைன்னு அமுக்கிட்டேன்.

— சரி, விடு சின்னவனே. தெரிஞ்சா செஞ்சே?

— எப்படி விடறது? பத்து வருஷமா கம்ப்யூட்டர் கடையில இதே வேலை. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை உள்ள திறந்து பாருங்கன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் வாய் வலிக்கச் சொல்றவன் நான். அக்கா வீடுங்கவும் நூலைப் பாத்தேன், உள்ள பாக்கல.

— உன் மேல தப்பில்லடா.

— வேற யார் மேல? அம்மா கடைசி பதினொரு நாள் பேசினது அது. லேசான காய்ச்சல்தான்னு நீ சொன்னே, நானும் இருந்துட்டேன். நான் வந்து சேந்தப்ப அம்மாவோட முகத்தைக்கூட மூடி வச்சிருந்தாங்க. போன்ல பதிவு பண்ணி எடுத்து வச்சிருக்கேன் மாமான்னு பாப்பா சொன்னதும், அதையாவது கேப்போம்னுதான் எட்டு மணி நேரம் பஸ்ல உக்காந்து வந்தேன்.

— கேக்கறதுக்கு அதுல பெருசா ஒண்ணும் இல்லடா. தண்ணி குடு, ஜன்னலைச் சாத்து. பாதி நேரம் நினைவே இல்ல.

— தண்ணி குடுன்னு சொன்னதையும்தான் கேக்கணும். பாப்பா போன்ல இருக்காதா?

— போன்ல இடமில்லன்னு இதுல போட்டதும் அங்க அழிச்சுட்டா.

— இரு. நான் அழிச்ச இந்தப் பென்டிரைவுல முன்னாடி என்ன இருந்துச்சு?

— என் கல்யாண வீடியோ. அதுக்கப்புறம்தான் பாப்பா அம்மா குரலைப் போட்டா. ஏன்?

— அப்ப வழி இருக்கு. நான் ஏத்தினது மூணு ஜிபிதான், இது முப்பத்திரண்டு கொள்ளும். ஏத்தறது ஆரம்பத்துலேருந்துதான் எழுதும். முன்னால இருந்த கல்யாணம்தான் போயிருக்கும். பின்னால எழுதினது அப்படியே கிடக்கும், பேர்தான் தொலைஞ்சிருக்கும். தோண்டி எடுத்துடலாம்.

— வேண்டாம்டா. உனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது.

— போனா போகட்டும், அடுத்த பஸ்ல போறேன். என் லேப்டாப்ல செருகியாச்சு. பாரு, தேட ஆரம்பிச்சிடுச்சு.

— சொன்னா கேளு. போனவங்க போயிட்டாங்க. அந்த முனகலைக் கேட்டு என்ன செய்யப் போறே?

— அழுவேன். நீ பதினொரு நாளும் பக்கத்துல இருந்தே, நினைச்சு அழ உனக்கு ஏதோ இருக்கு. எனக்கு என்ன இருக்கு? அம்மா போயிட்டாங்கன்னு நீ போன் பண்ணினப்ப, நான் யாரோட கம்ப்யூட்டரையோ பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருந்தேன்.

— சின்னவனே...

— லேப்டாப்பை ஏன் மூட வர்றே? முதல்ல உக்காரு. நீ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, நானும் பாக்கறேன்.

— எனக்கு ஒண்ணும் இல்ல. அதை நிறுத்துடா.

— கிடைச்சிடுச்சு அக்கா. ஒண்ணு, ரெண்டு... பதினாலு ஃபைல். பேர் இல்ல, ஆனா எல்லாம் குரல்தான். முதல்ல இருக்கிறதைப் போடறேன்.

— போடாதே. நானே சொல்லிடறேன், அப்புறம் போடு.

— என்ன சொல்லப் போறே?

— நீ அதைக் கேட்டுடக் கூடாதுன்னு, நூலை அவுத்து அந்தக் காலிப் பென்டிரைவுல கட்டினது நான்தான். அம்மா பதினொரு நாளும், சின்னவனைக் கூப்பிடு, சின்னவனைக் கூப்பிடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நாளைக்கு எழுந்து உக்காந்துடுவாங்க, எதுக்கு அவனை அலைய வைக்கணும்னு நினைச்சு, நான் கூப்பிடல.