தலைகீழாகத் தொங்குகிறவனின் முகம்

இல்ல தம்பி, அந்த மூக்கு சரியில்ல. ஏணிய விட்டு எறங்க வேணாம், அங்கயே நின்னு கேளுங்க. திரைக்குள்ள எப்படி வந்தேனா? காவக்காரனுக்கு அத்திப்பழம் குடுத்தேன், விட்டுட்டான். பயப்படாதீங்க, வரையறது நீங்கதான்னு வெளிய மூச்சு விட மாட்டேன். துரோகிய வரைஞ்ச கைய அப்பறம் மாதா படம் வரையக் கூப்புட மாட்டாங்க, ஃப்ளோரன்ஸ்ல யாருக்குத் தெரியாது?

நான் யாரா? இந்தச் சுவத்துல துரோகின்னு தலைகீழா வரைஞ்சு தொங்க விடறீங்களே பிந்தோ, அவரு பொண்டாட்டி.

அட, தூரிகையக் கீழ போட்டுட்டீங்களே. எடுங்க. பூச்சு காயறதுக்குள்ள முகத்த முடிக்கணும்ல? அழிங்கன்னு கெஞ்ச வரல. ஒழுங்கா வரைங்கன்னு சொல்லத்தான் வந்தேன்.

இந்த மூஞ்சி எப்படியிருக்கும்னு சொன்னது யாரு, என் மாமியாரா? அதானே பாத்தேன். கழுகு மூக்கு, அடர்ந்த தாடி. கெட்டிக்காரி! இதப் பாத்துட்டு, அவரு ஓடி ஒளிஞ்சிருக்கற சியெனாவுக்குப் போறவன் அவருகூடவே உக்காந்து சாப்புடுவான், அடையாளம் தெரியாது.

மூக்கு சின்னது. தாடியே கெடையாது. இடது புருவத்துல ஒரு வெட்டு, அங்க முடி மொளைக்காது. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி... ஐயோ, அவரேதான். பன்னெண்டு வருஷமா பாத்த மூஞ்சி.

ஏன் காட்டிக் குடுக்கறேன்னு பாக்கறீங்க. ஊர விட்டு விரட்டுன கூட்டத்துக்குக் கோட்டைக் கதவத் தொறந்து விட்டாருன்னா? எவன் ஆண்டா எனக்கென்ன, நான் மாவு பிசைஞ்சுதான் ஆகணும்.

அன்னிக்குக் காலையில குளிருதுன்னு எங்கண்ணன் லாப்போவோட செவப்பு மேலங்கிய மாட்டிக்கிட்டுப் போனாரு. கிழிசல் தைக்க அண்ணன் என்கிட்ட குடுத்தது. கதவத் தொறந்தவன் முகத்த யாரும் பாக்கல, அந்தச் செவப்பத்தான் பாத்தாங்க. வந்தவங்களையெல்லாம் வாசல்லயே வளைச்சுப் புடிச்சுட்டாங்க. இவரு வீட்டுக்கு ஓடி வந்து மேலங்கிய அவுத்துப் போட்டாரு. அத உடனே அண்ணன் வீட்டுல வச்சிட்டு வா, கேட்டா உனக்குத் தெரியாதுன்னு சொல்லு, மூணு நாளு சமாளி, சியெனா போனதும் எல்லாம் நான்தான் செஞ்சேன்னு எழுதி அனுப்பறேன்னு என் கையப் புடிச்சு அழுதாரு. நம்பி, கொண்டு போய் வச்சிட்டு வந்தேன் தம்பி. பாவி, நம்புனேன்.

எழுதாம இல்ல. நாலாம் நாள் ஊர ஆளறவங்களுக்குக் கடுதாசி வந்துச்சு. திட்டம் லாப்போவோடது, கதவத் தொறந்ததும் அவன்தான், கூட்டாளியா இருந்துட்டேன், என்ன மன்னிச்சு வீட்டத் திருப்பிக் குடுங்கன்னு எழுதியிருக்கான். ஆமா, என் புருஷன அவன்னுதான் சொல்றேன். இனிமே என்ன மரியாதை வேண்டிக் கெடக்கு அவனுக்கு?

எங்கண்ணனா? ஓடிப் போனவனத்தான சுவத்துல தொங்க விடுவீங்க. அண்ணன்தான் இவங்க கையில கெடச்சுட்டானே. நேத்து இதே கட்டடத்து ஜன்னல்ல நெஜக் கயித்துலயே தொங்க விட்டுட்டாங்க. நீங்களும் பாத்திருப்பீங்க.

கடுதாசி வர்றதுக்கு முந்தின நாள் விசாரணை. மேலங்கி தங்கச்சிகிட்ட இருந்துச்சு, தைக்கக் குடுத்தேன், அவளக் கேளுங்கன்னு அண்ணன் சொன்னான். என்னக் கூப்புட்டுக் கேட்டாங்க.

தைக்க எதுவும் வரலைன்னு சொல்லிட்டேன்.