சிவப்புப் பொட்டு வைத்த நத்தைகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நத்தைகள்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. அவற்றுக்கும் வயிறு இருக்கிறது, தின்கின்றன. இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது. என் மனைவி உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.

பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் நேரக்காப்பாளராக இருந்தேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்குத் திரும்பி வந்தது என்று எழுதி வைப்பதுதான் வேலை. ஓய்வு பெற்றதும் வீட்டுக்குப் பின்னால் இருந்த கட்டாந்தரையைக் கொத்தித் தோட்டம் போட்டேன். நாலு பாத்தி முட்டைக்கோஸ், இரண்டு பாத்தி கீரை, ஓரமாகத் தக்காளி. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது.

முதல் வருடம் முழுக்கக் கோரைப்புல்லோடு மல்லுக்கட்டினேன். மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளே நிற்கும். கிழங்கைத் தோண்டினால் அதற்குக் கீழே இன்னொரு கிழங்கு. முழங்கால் தேய உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்து முடித்து நிமிர்ந்தால் மதிலுக்கு அடியிலிருந்து மறுபடி தலை நீட்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரர் வீடு.

தையல்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். பகலெல்லாம் மெஷின் சத்தம் கேட்கும். அவர் தோட்டம் தோட்டமே இல்லை, காடு. களை எடுக்கலாமே என்று எத்தனையோ முறை பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். இருந்துட்டுப் போகட்டும் சார், அதுவும் பச்சையாத்தானே இருக்கு என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவேன். ஊரெல்லாம் அவரை வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்றது. அவருக்குப் பக்கத்தில் தோட்டம் போட்டவன் நான் ஒருவன்தான்.

அடுத்த மழைக்காலத்தில் நத்தைகள் வந்தன. ஒரே வாரத்தில் முட்டைக்கோஸ் இலைகள் சல்லடையாகிவிட்டன. முதலில் உப்பைப் போட்டேன். அதைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மண்ணுக்கும் உப்பு ஆகாது. அதனால் காலையில் பொறுக்கி மதிலுக்கு மேலாக வீச ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் காடுதானே, தின்ன நிறைய இருக்கிறது. இதில் தவறு இருப்பதாக எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

ஆனால் எண்ணிக்கை குறையவில்லை. வீசுவது இருபது என்றால் இரண்டு நாளில் பதினெட்டு இருக்கும். அவர் திருப்பி வீசுகிறார் என்று சந்தேகம் வந்தது. சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர்மேல் பழி போடுகிற ஆள் நான் இல்லை. மனைவியிடம் நகப்பூச்சு கேட்டேன். ஏதோ கல்யாணத்துக்கு வாங்கி ஒரே தடவை போட்டது, அடர் சிவப்பு. எடுத்துக் கொடுத்துவிட்டு, "என்ன, நத்தைக்கு நிச்சயதார்த்தமா?" என்று கேட்டாள். நான் ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு பொட்டு வைத்து வீசினேன். மூன்றாம் நாள் காலையில் கோஸ் பாத்தியில் பதினோரு சிவப்புப் பொட்டு.

அன்றைக்கே மதிலருகே போய் அவரிடம் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. ஒரு நத்தையை எடுத்துக் காட்டினேன். அவர் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நான் எதுக்கு சார் வீசப் போறேன்? நத்தைக்கு அது இருந்த இடம் தெரியும் சார். நீங்க இங்க போடறீங்க, அது நடந்து உங்க வீட்டுக்கே வந்துடுது. விடறதா இருந்தா ரொம்ப தூரம் கொண்டு போய் விடுங்க."

நத்தை நடந்து வருகிறதாம். ஆறடி மதில் ஏறி இறங்கி, வழி விசாரித்துக்கொண்டு, என் பாத்தியைத் தேடி. ஒருவர் காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? எனக்கு வந்த எரிச்சலில் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அவர் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பேன். அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு மதிலுக்கு மேலே அவர் கை தெரியும். மதிலில் அவரைக்கொடி படர விட்டிருந்தார், ஸ்டூலில் ஏறிக் காய் பறிக்கிறார் என்று மனைவி சொன்னாள். இருக்கலாம். ஆனால் மேலே தெரிவது கை. கையின் கீழே, என் பக்கத்தில், நத்தை. எட்டு மாதம் இதைப் பார்த்தேன். மூன்று தடவை கோஸ் நட்டேன், ஒன்றுகூடத் தலை கட்டவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

போன மாதம் அவர் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். பின்வாசல் சாவியை என் கையில் கொடுத்து, "இரண்டு நாள்தான் சார், அவரைக்குக் கொஞ்சம் தண்ணி காட்டுங்க" என்றார். ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முகம். வாங்கிக்கொண்டேன்.

அவர் கிளம்பிய பிறகு தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் அந்த ஸ்டூலைப் பக்கத்தில் பார்த்தேன். பழைய மர ஸ்டூல், ஒரு கால் குட்டை. அதன் அடியில் ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் நீலப் பெயிண்ட் படிந்த செங்கல். செங்கல்லை எடுத்தேன். அதே உயரத்துக்கு ஈர மண்ணைப் பிசைந்து வைத்து, கரண்டியால் தட்டி ஒழுங்கு செய்தேன். மேலே ரெண்டு காய்ந்த இலை போட்டேன். ஸ்டூலுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் இருந்தது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது பொய். பிறகு அவரைக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஊற்றுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

அவர் திரும்பி வந்த மறுநாள், ஆறு மணி. கை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. சத்தம் பெரிதாக இல்லை. "சார்" என்று கூப்பிட்டார். மொத்தம் நாலு தடவை. நாலாவது தடவை சரியாகக் கேட்கவில்லை. நான் கீரைப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். மனைவி சமையலறை ஜன்னலில் வந்து, ஏதோ சத்தம் கேட்டதே என்றாள். பூனையாக இருக்கும் என்றேன். எட்டே காலுக்குப் பால்காரர் பார்த்துக் கத்தினார். நானும் ஓடினேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ஒரு பக்கம் பிடித்தது நான்தான். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

மறுநாள் காலையில் எண்ணினேன். பதினான்கு. அத்தனையிலும் சிவப்புப் பொட்டு. மனைவி என் பின்னாலேயே வந்து நின்றிருக்கிறாள்.

"அவருதான் போயிட்டாரே. இப்ப யாருங்க வீசறாங்க?"

மகள் வந்திருக்கிறாள், அவளாக இருக்கும் என்றேன். மனைவி பாத்தி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் செங்கல்லை நான் அங்கே வரப்பாக வைத்திருந்தேன். நல்ல செங்கல், தூக்கி எறிய மனசு வரவில்லை. நீலப் பக்கத்தை மண்ணுக்குள் வைத்துதான் புதைத்தேன், மழை அரித்துவிட்டது. தையல்காரர் வீட்டுக்குப் போய்ப் பேசும்போது ஸ்டூலுக்கு அடியில் அதை எத்தனை தடவை பார்த்திருப்பாள்? அதற்கு இரண்டு வாரம் கழித்து, வேலை மெனக்கெட்டு, அதைத் துணியில் சுற்றி உங்கள் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள்.

நான் செய்ததை நான் மறுக்கவில்லை. நீங்கள் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு கணக்குதான் இடித்துக்கொண்டே இருந்தது. தையல்காரரின் மகள் ஒரு வாரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகும் நத்தைகள் வந்தன. என்னை நீங்கள் கூட்டிவந்த அன்று காலைகூட ஒன்பது. ஆள் இல்லாத வீட்டிலிருந்து யார் வீசுவது?

இங்கே உட்கார்ந்து யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. அந்த நகப்பூச்சு யாருடையது? எத்தனை வீசினேன், எத்தனை திரும்பியது என்று நான் தினமும் யாரிடம் சொன்னேன்? வீட்டில் என்னைத் தவிர இருந்தது யார்? எட்டு மாதமாக மதிலையே பார்த்துக்கொண்டிருந்தேன், வீட்டுப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாவம் தையல்காரர், அவர் சொன்னது உண்மைதான் போலிருக்கிறது, அவர் வீசவில்லை.

அவள் அங்கே தனியாகத்தானே இருக்கிறாள்? நான் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொல்லுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.