முட்டி மடங்காத ராஜா

— சிரிக்காதேடி! ராஜா வேஷத்துல நான் தொட்டில்கிட்ட குனிஞ்ச நேரம் பார்த்து உன் பையன் என் பட்டு அங்கி மேல ஒண்ணுக்குப் போயிட்டான். நீ என்னடான்னா பல்லைக் காட்டுறே!

— போண்ணா. மூணு ராஜாவும் பொன்னு, தூபம்னு கொண்டுவந்து கொடுத்தீங்க. அவனும் பதிலுக்கு எதையாவது கொடுக்க வேணாமா?

— கிண்டலா? நாளைக்குக் கிறிஸ்துமஸ் நாடகம் பார்க்கக் கோயில் நிறைய ஜனம் இருக்கும். இவன் ஒத்திகையிலயே தேவதூதன் வசனம் காதுல விழாதபடி வீல்வீல்னு கத்துறான். முடிவு பண்ணிட்டேன். நாளைக்குத் தொட்டில்ல பொம்மைதான்.

— அண்ணா, அப்படிச் சொல்லாதே. குறைமாசத்துல பிறந்து இன்குபேட்டர்ல கிடந்தப்போ இவனுக்கு அழக்கூடத் தெம்பில்ல. ‘ஆண்டவரே, இவன் ஒரு தடவை வாய்விட்டு அழட்டும், உம்ம தொட்டில்லயே கொண்டுவந்து படுக்கவைக்கிறேன்’னு நேர்ந்துக்கிட்டேன். உனக்குத் தெரியாதா?

— தெரியும்டி. அதுக்காக? நாடகம் போடுறவன் நான். அங்க படுத்திருக்கிறது யாரு? உலகத்தையே படைச்சவர். அசையாம, அமைதியா, முகத்துல ஒளியோட இருக்கணும். பார்க்கிறவங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணணும்.

— ஏன், பசிச்சா அழாம, மாதாவைக் கூப்பிட்டு ‘அம்மா, கொஞ்சம் பால் கொண்டுவாங்க’ன்னா சொல்லியிருப்பார்?

— ஏய், வாயைக் கழுவு! கடவுள்டி அவர்.

— கடவுள்தான். யாரு இல்லேன்னா? அந்தக் கடவுளேதான் நம்ம வீட்டுக் குழந்தை மாதிரி துணியை நனைச்சுக்கிட்டுக் கிடந்தார். நினைச்சா எனக்கு உடம்பு சிலிர்க்குது. உனக்கு என்னமோ கூச்சமா இருக்கு. சரி, மத்த ரெண்டு ராஜாவும் மண்டிபோடுறாங்க, நீ மட்டும் ஏன் ஒரு சலாம் போட்டுட்டு வந்துடுறே?

— எத்தனை தடவை சொல்றது? என் முட்டி மடங்காதுடி! மடக்கவே கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். ஐயோ, மறுபடியும் ஆரம்பிச்சுட்டான் பாரு.

— துணி ஈரம்ணா. என் கையெல்லாம் தேவதூதன் இறக்கைக்கு ஒட்டுற பசை. நீயே மாத்திவிடேன்.

— நானா? இந்தக் கிரீடத்தோடயா?

— கழட்டி வை. யாரு தூக்கிட்டுப் போகப்போறா?

— தரையிலயா படுக்கவச்சிருக்கே? சரி சரி, அழாதடா என் ராசா, மாமா வந்துட்டேன்ல. காலை உதைக்காதே... அட, இரு கண்ணா, இன்னும் ஒரு முடிச்சுதான்... ஆங், அவ்வளவுதான்.

— என்னண்ணா, சத்தத்தையே காணோம்?

— என் விரலைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறான்டி. நகம் எவ்வளவு சின்னதா இருக்கு பாரு... அவரும் இவ்வளவு சின்னதாவா இருந்தார்?

— இதைவிடக் கொஞ்சம் பெரிசா இருந்திருப்பார். இவன் குறைமாசம்ல.

— அந்தப் பொம்மையைத் தூக்கி உள்ள வை. அழுதா அழுதுட்டுப் போறான். தேவதூதனைக் கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லிக்கலாம்.

— அண்ணா.

— என்னடி?

— உன் முட்டி ரெண்டும் தரையில இருக்கு.