பதினோரு மணிப் பால்

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் துணி காயாது, சார். கொடியில் போட்ட சட்டையை மூன்றாம் நாள் எடுத்தாலும் ஈரம் போயிருக்காது. இது தெரிந்த எவனும் சின்னப் பிள்ளைகளைத் தூறலில் ஓடவிட மாட்டான். ஹம்சா டீச்சர் ஓடவிட்டாள். நான் சொல்ல வேண்டியது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என் பெயர் தங்கசாமி. ஊர் வடகரை. எழுபது தாண்டிவிட்டது. மூன்றாம் வகுப்போடு சரி. நிர்மலாதேவி அம்மா நடத்தும் பிள்ளைகள் காப்பகத்தில் வாசல் காவல், அடுப்படி, பெருக்குவது எல்லாம் நான்தான். சீசன் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு, இருட்டும் நேரம் வந்து கூட்டிப் போவார்கள். முன்பெல்லாம் டிவியைப் போட்டுவிட்டால் போதும், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு சத்தம் கிடையாது. நான் என் டீயைச் சூடாகக் குடிப்பேன்.

ஹம்சா திருநெல்வேலியில் ஏதோ பயிற்சி முடித்துவிட்டு வந்தாள். வந்ததும் டிவியைக் கழற்றி மூலையில் போட்டாள். கொல்லையில் பழைய லாரி டயர்களைப் பாதி புதைத்து நட்டாள். கயிறு கட்டினாள். பிள்ளைகள் ஏறணுமாம், குதிக்கணுமாம், சேற்றில் உருளணுமாம். அப்போதுதான் உடம்பும் மனசும் வளருமாம்.

"ஏம்மா, விழுந்தா யாரு பதில் சொல்லுதது?" என்று கேட்டேன்.

"சின்னச் சின்னதா விழுந்து எந்திரிச்சாத்தான் அண்ணாச்சி, பெருசா விழாமப் பழகும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். படித்தவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வதை நான் நம்புவதில்லை.

ஒரு நாள் அபி டயரிலிருந்து வழுக்கியது. நாலு வயசுப் பெண்பிள்ளை. முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் அதன் அம்மா மாடத்தி சிப்ஸ் கடையிலிருந்து வந்து என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"உக்காந்து திங்கதுக்கா கிழவன இங்கன வச்சிருக்காவ? பிள்ளைய ஒழுங்காப் பாக்கத் தெரியாதாவே உமக்கு?"

"அக்கா, தப்பு என்னுது," என்று ஹம்சா குறுக்கே வந்தாள். அபி முழங்கையில் போட்டிருந்த கட்டைத் தூக்கிக் காட்டி, "அம்மா, நான் உச்சிக்கே ஏறிட்டேம்லா," என்றது. மாடத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

உரைமருந்து உங்களுக்கும் கொடுத்திருப்பார்கள். கைப்பிள்ளைகளுக்குச் சாதிக்காய், வசம்பு, கடுக்காய் எல்லாம் கல்லில் ஒரு இழைப்பு இழைத்து நாக்கில் தடவுவார்கள். அதில் சாதிக்காய் தூக்கத்துக்கு. இங்கே மலைத் தோட்டத்திலேயே விளைகிறது. அருவிக்குப் போகிற வழியெல்லாம் கூறு கட்டி விற்கிறார்கள். நான் விஷம் எதுவும் வாங்கவில்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினோரு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பால் உண்டு. முதலில் சாதிக்காயைக் கல்லில்தான் இழைத்து அதில் கலந்தேன். கைப்பிள்ளைக்கு ஒரு இழைப்பு என்றால் வளர்ந்த பிள்ளைக்கு அதற்குத் தக்கபடி கூட வேண்டும்தானே. இழைத்து இழைத்துக் கை வலித்தது. பிறகு மிக்ஸியில் பொடித்து டப்பாவில் வைத்துக்கொண்டேன்.

மருந்து நன்றாகக் கேட்டது. பிள்ளைகள் டயர் பக்கம் போவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகியது. ஹம்சாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா அண்ணாச்சி, காலையில ஓடியாடினா எப்படித் தூக்கம் வருதுன்னு." நிர்மலாதேவி அம்மாவும் அவளைத்தான் மெச்சினாள். யார் பேர் வாங்கினால் என்ன, ஒரு பிள்ளை கீழே விழவில்லை. சிலது வாந்தி எடுத்தது. நாக்கு வறண்டு தண்ணீர் தண்ணீர் என்றது. ஒரு பையன் சுவரெல்லாம் எறும்பு ஓடுகிறது என்று அழுதான். எறும்பு இல்லை. சீசன் காய்ச்சல் என்றார்கள். நானும் அதையே சொன்னேன்.

அபிக்கு மட்டும்தான் அந்தப் பொடி சரியாக வேலை செய்யவில்லை. பால் குடித்த பிறகும் எழுந்து டயரைப் பார்த்துப் போகும். "தாத்தா, காலு வர மாட்டேங்கு," என்று சொல்லிக்கொண்டே போகும். பிடிவாதம். அந்த மாதிரிப் பிள்ளைதான் என்றைக்காவது தலைகுப்புற விழும். அதனால் அதன் டம்ளரில் மட்டும் இன்னொரு கரண்டி போட்டேன்.

அன்றைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, "வேண்டாம் தாத்தா, வயித்தக் கலக்குது," என்றது.

"குடி தாயி. குடிச்சாத்தான டயரு மேல ஏறலாம்," என்றேன்.

மடமடவென்று குடித்துவிட்டது. நான் சொன்னால் கேட்கும்.

சோற்றுக்கு எழுப்பியபோது எழவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. நெஞ்சு அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. ஹம்சா வாரித் தூக்கிக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறினாள். "என்ன கொடுத்தீங்க அண்ணாச்சி?" என்று கேட்டாள். பால்தான் என்றேன். அது பொய்யில்லை. அப்போதே சொல்லியிருந்தால் டாக்டர் ஏதாவது செய்திருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம். பொழுது சாயுமுன் பிள்ளை போய்விட்டது.

மாடத்தி கடையில் நின்ற கோலத்திலேயே வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, எம்பிள்ள கடைசியாக் குடிச்சது உம்ம கைப் பாலுதான்," என்று அழுதாள். அன்றைக்குத்தான் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டாள். எனக்கு மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எல்லோரும் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். சீசனில் யாரும் கடைக்கு லீவு போட முடியாது. மறுநாளும் மற்றத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஹம்சா கொல்லையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் மிரண்டுபோய், அபி எங்கே, அபி எங்கே என்று என்னைச் சுற்றிவந்தன. நான் பாலைக் காய்ச்சி எல்லா டம்ளரிலும் வழக்கத்துக்குக் கூடவே பொடியைப் போட்டேன். பிள்ளை என்ன சாப்பிட்டது என்று டாக்டர் கேட்டது ஹம்சாவின் மனதில் கிடந்திருக்க வேண்டும். ஒரு டம்ளரை வாங்கி வாயில் வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தட்டோடு தட்டிவிட்டாள். ஒரு பிள்ளையும் குடிக்கவில்லை.

அத்தனை பிள்ளைகளும் பயந்துபோய் இருந்தன, சார். அவள் மட்டும் தட்டிவிடாமல் இருந்திருந்தால், பாவம், நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.