வாய்க்கால் கட்டில் ஓர் அஸர்

ஓடுகிறோம். வரம்பு வழுக்குகிறது. பின்னால் வெடி. டப், டப். கொஞ்சம் நின்று மறுபடி டப். எங்கள் வாடிக்கு, வயல் குடிசைக்கு, தீ வைத்துவிட்டார்கள். கிடுகு எரிந்து வெடிக்கிற சத்தமும் துவக்குச் சத்தமும் கலந்து கேட்கின்றன.

"குனிஞ்சி ஓடுங்க! தலையத் தூக்காதீங்க!"

கத்துவது மச்சான், என் ராத்தாவின் மாப்பிள்ளை. அவருக்குப் பின்னால் என் அக்கா ராத்தா, பிறகு உம்மா, கடைசியில் நான். ராத்தாவின் மகள் ரிஸ்னா என் இடுப்பில். பால்குடி மறக்காத பிள்ளை.

சாகாமத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வயல். நெல் குடலைப் பருவம், கதிர் இன்னும் தள்ளவில்லை. மச்சானுக்குச் சோறு கொண்டு போன நாங்கள் பொழுது சாயுமுன் கல்முனைக்குத் திரும்பியிருக்க வேண்டும். துவக்குக்காரர் ரோட்டில் வந்து இறங்கினார்கள். எந்தக் கட்சி, என்ன சீருடை என்று இன்றும் என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. நான் துவக்கின் வாயைத்தான் பார்த்தேன்.

ஓடும்போது உம்மா சோற்றுப் பெட்டியை விட்டுவிட்டார். துணி மூட்டையை விடவில்லை.

வாய்க்காலுக்குள் இறங்கினோம். முழங்கால் தண்ணீர். பன்புல்லுக்குள் ஒளிந்தோம். வெடி நின்றது. தவளைகள் கத்தத் தொடங்கின. வெயில் சாய்ந்தது.

"அஸர் களாவாகப் போகுது" என்றார் உம்மா. மாலைத் தொழுகையின் நேரம் தப்பிக்கொண்டிருந்தது.

"இதுக்குள்ளயே இருந்து தொழுவம் மாமி. பயத்தில அதுக்கு இடமிருக்கு."

"எழும்பி நிக்க ஏலும்தானே. நிண்டு கேப்பம்."

சுற்றிலும் சேறு. நெற்றி வைக்கக் காய்ந்த இடம் வாய்க்கால் கட்டு மட்டும்தான். அது ஆள் உயரம். உம்மா மூட்டையை அவிழ்த்தார். உள்ளே இரண்டு துப்பட்டிகள். வெள்ளை. எங்கும் பச்சையாக நிற்கிற வயலுக்கு நடுவே, உயரத்தில், வெள்ளை. எங்கள் பெண்கள் தொழுகைக்குப் போர்த்துகிற துணி அது. பிறந்ததிலிருந்து பார்த்த நிறம். அது தூரத்துக்குத் தெரியும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வாய்க்கால் தண்ணீரிலேயே முகம் கை கால் கழுவி வுழூ செய்தார்கள். ஏறினார்கள். மச்சான் முன்னுக்கு, உம்மாவும் ராத்தாவும் பின்னுக்கு. நான் ஏறவில்லை. எனக்கு அன்று தொழுகை இல்லை. பெண்களுக்கு இது விளங்கும். ஆண்களுக்காகத் திறந்து எழுதுகிறேன்: மாதவிடாய். பிள்ளையோடு பன்புல்லுக்குள் இருந்தேன். துஆக் கேட்கத் தடையில்லை. யூனுஸ் நபி மீன் வயிற்றுக்குள் இருந்து ஓதியதை ஓதினேன். பல் கிட்டிக்கொண்டது. பாதி வரவில்லை.

அஸருக்கு நான்கு றக்அத்து. ஒன்று முடிந்தது. இரண்டாவதின் கடைசிச் சுஜூது, நெற்றி மண்ணில். தக்பீர் கேட்கிறது. தலையைத் தூக்குகிறார்கள். அக்கரையில் ஒரு தலை.

"உம்மா! படுங்க!"

என் குரலும் வெடியும் ஒன்றாகவே கிளம்பின. சடசடவென்று நீண்ட சத்தம். பிறகு தனியாக ஒன்று. பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் வாயை மார்போடு அழுத்திப் பிடித்தேன். அவர்கள் போகும்வரை எடுக்கவில்லை.

ரிஸ்னா இப்போது மருதமுனையில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளுக்குத் தாய். போன மாதம் பெண்களுக்கான மார்க்கப் பயானுக்கு என்னைக் கூட்டிப் போனாள். பேச வந்தவர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து என் கதையை எடுத்தார். ரிஸ்னாதான் சொல்லியிருக்கிறாள், அவளுக்குத் தெரிந்த அளவுக்கு.

"ஆபத்து நேரத்திலும் தொழுகைய விடாததால அல்லாஹ் காப்பாத்தினான். இந்தத் தாய் அதுக்குச் சாட்சி."

பெண்கள் சுப்ஹானல்லாஹ் என்றார்கள். எனக்குப் பற்றி எரிந்தது. அப்படியென்றால் உம்மாவை அல்லாஹ் கைவிட்டானா? எழும்பினேன்.

"பொய். நான் தொழல்ல. தொழுதவங்கதான் மவுத்து."

"சாச்சி, இருங்க. எல்லாரும் பாக்காங்க." ரிஸ்னா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாக்கட்டும்."

திரைக்கு அப்பால் அவர் தொண்டையைச் செருமினார். பொறுமையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எனக்குப் பொறுமையில் பாடம்! வாய்வரை வந்ததைப் பள்ளிவாசல் என்பதால் விழுங்கினேன்.

ஓட்டோவில் ரிஸ்னா கேட்டாள். "அப்ப என்ட உம்மா தொழுததாலயா சுட்டானுகள்?"

"தொழுததால இல்ல. சுட வந்தவனுகள், சுட்டானுகள்."



ஐந்து வக்தும் தொழுகிறேன். என் கோபத்தையும் அல்லாஹ்விடம்தான் சொல்கிறேன், அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆனால் என் வீட்டு மையித்துகளை வைத்து உபதேசம் செய்கிறவனின் முகத்தில் விழிக்க எனக்கு மனமில்லை. சுட்டவனை விட்டுவிட்டு, செத்தவர்களின் ஈமானை அளக்க வந்துவிடுகிறார்கள்.

இழந்தது இவ்வளவு. உம்மா. ராத்தா. மச்சான். வயலோரத்திலேயே அடக்கினார்கள். கபன் துணி கிடைக்கவில்லை, உம்மாவும் ராத்தாவும் துப்பட்டியோடும் மச்சான் உடுத்த உடுப்போடும்தான் போனார்கள். வயல் காடாகிப் பிறகு யாரோ கைக்குப் போனது. ஒரு பிள்ளையின் தாய்ப்பால். ஓர் அஸரில் மிச்சம் இரண்டு றக்அத்து.

அந்த இரண்டை அல்லாஹ் உம்மாவிடம் கேட்கமாட்டான். என்னிடமும் கேட்கமாட்டான். சுட்டவனிடம் கேட்பான். கேட்கும்போது நானும் அங்கே நிற்பேன்.