எதிரே உட்கார்ந்தபோது தெரிந்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகும்; பொறுத்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னது காதில் விழுந்தது.

"எங்க வீட்டுக்காரவுக ஒரு பக்கமாத்தான் மெல்லுறாக மதினி. நேத்துத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு."

"முப்பது வருசமா ஆக்கிப் போடுறீக, நேத்துத்தான் தெரிஞ்சுச்சாக்கும்?"

"அவுக தரையில உக்காந்து சாப்புடுவாக, நான் நின்னு பரிமாறுவேன். எனக்கு அவுக உச்சந்தலைதான தெரியும்? நேத்து பேரன் பொறந்தநாளுன்னு மகன் மதுரையில பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப் போனான். நான் பழக்கத்துல கரண்டிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டேன். சர்வரு அத வாங்கி வச்சுட்டு, நீங்க உக்காருங்கம்மான்னுட்டாரு. எதுக்க உக்காந்து பாத்தா, ஒவ்வொரு வாய்க்கும் இவுக கண்ண இறுக்கி மூடுறாக."

"பல்லு வலியா இருக்கும்."

"கன்னத்துக்குள்ள புண்ணாம். பொங்கலுக்கு முன்னயே வந்துச்சாம். பொகையில போடுற வாயி மதினி."

"அதான் ஆசுபத்திரிக்கா?"

"ஆமா. வரமாட்டேன்னாக. அப்ப இனிமே தெனமும் எதுக்க உக்காந்துதான் நானும் சாப்புடுவேன்னேன். ஒடனே சட்டைய மாட்டிட்டாக."

முன்னால் கம்பியைப் பிடித்து நின்றவர், கன்னத்தில் துண்டை வைத்தபடி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மூவரும் இறங்கிவிட்டார்கள். டாக்டர் என்ன சொன்னாரோ தெரியவில்லை. பேச்சில் பரளச்சி என்று ஊர்ப் பெயர் கேட்ட ஞாபகம். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது விசாரித்து, நான் எழுதியது சரிதானா, புண் ஆறிவிட்டதா என்று சொல்லுங்கள்.