வண்டி ஓடத் தொடங்கிய பிறகு

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் சொன்னாள்: "அந்தப் பழைய பைக் ஸ்டார்ட் ஆகாமலே இருந்திருக்கலாம்க்கா."

"ஏம்மா, உங்க ஊட்டுக்காரரு ஆசையா ரெடி பண்ணதாச்சே?"

"இன்ஜினை ஊட்லயே பிரிச்சுப் போட்டுகினு என்னையும் கூப்டுவாரு. நான் டார்ச் புடிப்பேன், பிஸ்டனைக் கழுவித் தருவேன். வேலை செஞ்சுகினே பேசுவாரு. அவங்கம்மா செத்தன்னைக்கு அழவே முடியலன்னுகூட சொன்னாரு. கல்யாணமாகி அவ்ளோ பேசினதே அப்பதான்."

"இப்ப இன்னா?"

"ஞாயித்துக்கிழமையானா ஃபிரெண்டுங்களோட கெளம்பிடறாரு. நேத்து, இன்ஜின்ல ஏதோ சத்தம் வருதுன்னு சொன்னேன்."

"வருதா?"

"இல்லக்கா."

"அவரு இன்னா சொன்னாரு?"

"குனிஞ்சு காது குடுத்துக் கேட்டாரு. நல்லாத்தான் கீதுன்னுட்டு போயிட்டாரு."